வரவேற்பு அங்கி

கரா-ஜார்,
செப்டம்பர் 8, 2003

ஏழு மலைகளுக்கு மாமனும், ஊரிலுள்ள கழுதைகள் அனைத்துக்கும் பரம எதிரியும், கரா-ஜார் மக்கள் சட்ட உதவி மையத்தின் தலைமை ஓட்டுநர், தலைமை அடுப்பெரிப்பாளர், தலைமை வரவேற்பாளர் என்ற மூன்று சிம்மாசனங்களிலும் ஒரே சமயத்தில் அமர்ந்திருப்பவனுமாகிய உன் தாய்மாமன் அப்தில்தா, பிஷ்கெக் நகரில் சிமெண்ட் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கும் மருமகள் பெர்மெத்துக்கு எழுதுவது.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நீ வைத்த வேகத்தில் எங்கள் தபால் நிலையத்து ஜன்னல் கண்ணாடிகள் பொடிப்பொடியாகிவிட்டன. ஊராரின் கண்ணாடிகளைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதம். வேன் ஓட்டும் பாக்கீத் கொண்டுவந்து தருவான். அவனுக்கு ஒரு வாய் தேநீராவது கொடு.

செய்தி என்னவென்றால், உன் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது! பெயர் எர்மெக். ஒல்லியான பையன். கழுத்துப்பட்டைதான் அவன் உடம்பிலேயே அகலமான பகுதி. ஆனால் வரவேற்பு எப்படி நடந்தது தெரியுமா? குல்பைரா அம்மையார் தலைவி என்ற முறையில் மாவு பிசைந்தார். போர்சோக் பொரித்துப் பொரித்து மேஜை மேல் குவித்தோம். அந்தக் குவியலின் உச்சியில் பனி பெய்தது என்றால் நம்புவாயா? ஊரே வந்தது. உன் அம்மா தைத்துக் கொடுத்த அந்த நீல வெல்வெட் அங்கியை ஆணியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, பையன் தோளில் போட்டேன். உள்ளே ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

பிறகு என் உரை. "இந்த எர்மெக் நாலாயிரம் வழக்கு ஜெயிச்சவர்! இவர் வர்றார்னு கேட்டாலே தலைநகரத்து நீதிபதிங்க எழுந்து நிப்பாங்க!" என்று முழங்கினேன். பையன் என் சட்டையை இழுத்தான்.

"அண்ணே, நான் இன்னும் கோர்ட் வாசலே மிதிச்சதில்ல."

"அது அவங்களுக்கு எதுக்குத் தம்பி? நிமிர்ந்து நில்லு."

கூட்டத்தில் யாரோ, "அப்தில்தா அண்ணே, அப்படியே யாக் எருமைக் கதையும் சொல்லுங்க!" என்று கத்தினார்கள். கணவாயில் கால் ஒடிந்த எருமையை நான் தோளில் சுமந்து வந்த கதை. சொன்னேன். இந்த முறை எருமை சினையாக இருந்தது.

மறுநாள் பையன் ஸெய்னெப்பின் வழக்குக் கோப்பை விரித்துவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணுமே புரியல, நீங்க சொல்லுங்க" என்றான். சொன்னேன்.

"அவ புருஷன் தாலாய் ரஷ்யாவுல கட்டட வேலைக்குப் போனான். சாரத்துலேருந்து விழுந்து செத்தான். நிக்காஹ் ஆச்சு, ஆனா ஆபீஸ்ல பதியல. ஓதி வெச்ச கிழவரும் போன குளிர்ல போய்ச் சேர்ந்துட்டார். இப்ப மாமியாரும் மைத்துனனும், 'நீ யாரு, வீட்டை விட்டு எறங்கு'ங்கிறாங்க. அது புருஷனும் பொண்டாட்டியும் சேந்து கட்டின வீடு தம்பி. செங்கல் வந்தது என் லாரியில."

"அக்கம்பக்கத்துல வேற சாட்சி?"

"அக்கம்பக்கம் பூரா மைத்துனனோட வம்சம். நான்தான் சாட்சி."

அக்டோபரில் விசாரணை. நீ தொடங்கி வைத்துவிட்டுப் போன வழக்கு ஆயிற்றே என்று சொல்லி வைக்கிறேன். வேறொன்றும் இல்லை.

உன் மாமன்,
அப்தில்தா

*

பிஷ்கெக்,
செப்டம்பர் 17

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாக்கீத்துக்குத் தேநீர் கொடுத்தேன். சிரிப்பு வரவில்லை.

அங்கியைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் அதைத் தாங்களே கழற்றி ஆணியில் மாட்டுவதுதான் நம் மையத்தின் வழக்கம். என் கடைசி நாளன்று நான் கையை உயர்த்தும் முன்பே நீங்கள் பின்னாலிருந்து உருவினீர்கள். "சிமெண்ட் வாசனை தாங்காம அங்கி தானா எறங்குது பாருங்க!" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். குல்பைரா அக்கா கூட.

அழுகிறவர்கள் முன்னால் ஐந்து வருஷம் உட்கார்ந்தேன், மாமா. பாதிப் பேருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராத்திரியில் அவர்கள் குரல் கேட்கிறது என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அதற்கு நீங்கள் கொடுத்த பதில் அந்த நகைச்சுவை.

எர்மெக்கிடம் ஒன்று சொல்லுங்கள். மாமியார் தரப்பு, "அவள் வீட்டு வேலைக்கு வந்தவள்" என்று வாதிடும். வீடு எழும்பும்போது ஸெய்னெப் அங்கே மனைவியாக வாழ்ந்தாள் என்பதற்கு உங்கள் சாட்சியத்தை விட்டால் வேறு பிடி கிடையாது. அதை இப்போதே வாங்கிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

பெர்மெத்

*

கரா-ஜார்,
அக்டோபர் 14

மலைகளின் மாமன், தலைமை முதலான இத்யாதிகள், மருமகளுக்கு எழுதுவது.

எர்மெக் பறந்துவிட்டான். நகரத்து வங்கி ஒன்று கூப்பிட்டதாம். காலையில் வந்து பார்த்தால் அங்கி ஆணியில் மாட்டியிருக்கிறது, பித்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டபடி. நல்ல வளர்ப்பு. சாட்சியம் வாங்குவதை மறுநாளைக்கு என்று வைத்திருந்தான். அந்த மறுநாளைத்தான் வங்கிக்குக் கொண்டுபோய்விட்டான்.

விசாரணை ஒத்திப்போடப்பட்டது.

ஆனால் துக்கம் வேண்டாம். அடுத்த வாரமே குன்துஸ் வந்தாள். சட்டக் கல்லூரியிலிருந்து நேராக. மறுபடி போர்சோக், மறுபடி அங்கி, மறுபடி உரை. இவள் ஒரு பார்வை பார்த்தால் மைத்துனன்கள் எல்லாம் உப்புக்கல்லாகிப் போவார்கள் என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். போர்சோக்கும் குறைவு. குவியலின் உச்சியை உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தது.

பெண் கெட்டிக்காரி. ஸெய்னெப்பை உட்காரவைத்து நாள் முழுக்கக் கேட்டாள். ஆனால் மைத்துனன் சமுதீன் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு போய் குன்துஸின் அப்பாவைப் பார்த்திருக்கிறான். என்ன பேசினானோ. பெரியவர் நேராக மையத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிண்ணம் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றி வைத்தேன். பாதிக்கு மேல் ஊற்றினால் எழுந்து போ என்று பொருள், குழந்தைக்கும் தெரியும். மனிதர் சாவகாசமாக ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"நல்ல தேநீர் அப்தில்தா. போகச் சொல்றே, புரியுது. போறேன். மகளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"ஐயா, அவ வளந்த பொண்ணு. அவளைக் கேளுங்க."

"உனக்குப் பொண்ணு இருக்கா? இல்லல்ல. அப்புறம் பேசு."

குன்துஸ் அங்கியைக் கழற்றினாள். ஆணி அவளுக்கு எட்டவில்லை. நான்தான் மாட்டினேன்.

விசாரணை மறுபடி ஒத்திப்போடப்பட்டது. நவம்பர் 21. இனி ஒத்திவைப்பு கிடையாது, வக்கீல் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குத் தீர்ப்பு என்று நீதிபதி சொல்லிவிட்டார். குல்பைரா அம்மையாருக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, அவர் தலைமேல் பானை வைத்துச் சோறு வடிக்கலாம் போலிருக்கிறது. விளம்பரம் எழுதிப் பேருந்து நிலையத்தில் ஒட்டினேன்: "வக்கீல் தேவை. மூச்சு இருந்தால் போதும்." மாடு ஒன்று வந்து விளம்பரத்தைத் தின்றுவிட்டுப் போனது. அதையாவது சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. ஆனால் ஸெய்னெப் தினமும் வந்து அடுப்போரம் உட்கார்கிறாள். "பெர்மெத் அக்கா வருவாங்களா அண்ணே?" என்கிறாள். "வழியில இருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அப்தில்தா

*

பிஷ்கெக்,
அக்டோபர் 22

மாமா,

நான் வழியில் இல்லை. என் மேஜை முன்னால்தான் இருக்கிறேன். எதற்காக அவளிடம் அப்படிச் சொன்னீர்கள்? இனி நான் வராவிட்டால் கைவிட்டவள் நான்தான். இதைத் திட்டம் போட்டுத்தானே செய்தீர்கள்?

வருகிறேன். நவம்பர் 20 காலை வேனில் கிளம்புகிறேன். அந்த ஒரு வழக்குக்கு மட்டும். மையத்துக்கு அல்ல. போர்சோக் வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம். அங்கியை என் பக்கம் கொண்டுவந்தால் அதே வேனில் திரும்பிவிடுவேன்.

இன்னொன்று. சகோதரியின் பிள்ளை தாய்மாமனிடம் எதைக் கேட்டாலும் அவர் மறுக்கக் கூடாது. நம் சனத்தின் சட்டம் இது. இதற்கு அலுவலகத்தில் பதிவு தேவையில்லை. என் அண்ணன் உங்கள் குதிரையைக் கேட்டான், கொடுத்தீர்கள். தம்பி சேணத்தைக் கேட்டான், திட்டிக்கொண்டே கொடுத்தீர்கள். நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உங்கள் அளப்பை எனக்குக் கொடுங்கள். நாலாயிரம் வழக்கு, சினை எருமை, பனி பெய்த போர்சோக் மலை, எல்லாம். விசாரணை முடியும்வரை உங்கள் வாயில் அது ஒரு துளியும் இருக்கக் கூடாது. பார்த்ததைப் பார்த்த அளவுக்குச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நீங்கள் ஒரு சொல் கூட்டிச் சொல்வதற்காகவே காத்திருப்பார். அந்த ஒரு சொல்லில் ஸெய்னெப்பின் வீடு போய்விடும்.

மறுக்கக் கூடாது.

பெர்மெத்

*

கரா-ஜார்,
அக்டோபர் 30

மருமகளே,

குதிரையைக் கேட்டவன் யோக்கியன். சேணத்தைக் கேட்டவன் மகான். நீ மாமனின் எலும்பைக் கேட்டிருக்கிறாய். வழக்கம் வழக்கம்தான். கொடுத்துவிட்டேன். பாக்கீத்தின் வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கனத்தில் டயர் நான்கும்... பார், இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் சுரண்டி எடுத்துவிடுகிறேன்.

பயிற்சி செய்கிறேன். இன்று காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "வெளியில மழை பெய்யுது" என்றேன். குல்பைரா எழுந்து போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அட, ஆமா!" என்றார். பிறகு என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஸெய்னெப்பிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கணவன் போன பிறகு அவள் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். "அக்கா நெஜமாவே வர்றாங்களா? இல்ல, இதுவும் உங்க எருமை மாதிரியா?" என்றாள்.

"கடிதத்தைப் பாரும்மா. அவ கையெழுத்து."

கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

அப்தில்தா

*

கொச்கோர்,
நவம்பர் 20

மாமா,

டோலோன் கணவாயில் பனி சரிந்து பாதை மூடிவிட்டது. எங்கள் வேனுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மண்வெட்டிக்காரர்கள், "ரெண்டு மூணு நாள் ஆகும்" என்கிறார்கள். ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சினேன். "தங்கச்சி, சாகணும்னா எறங்கி நட, வண்டிய எதுக்கு சாகடிக்கிற?" என்றார். கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தேன். பாக்கீத் ஓடி வந்து இழுத்துக்கொண்டு போனான்.

தபால் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போன் செய்தேன். குமாஸ்தா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "நாளைக்குத்தான். மாத்த முடியாதுன்னுட்டார்" என்றார். குல்பைரா அக்காவிடமும் பேசினேன். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை என்றார். மையத்தின் பெயரில் யாராவது நிற்க வேண்டும். "அப்தில்தாவை நிறுத்துறேன்" என்றார். வேறு வழி இல்லை.

இந்தக் கடிதம் விசாரணைக்குள் உங்களை வந்து சேராது, தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள் மாமா. அது போதும். உண்மை நம் பக்கம் இருக்கிறது.

பெர்மெத்

*

கரா-ஜார்,
நவம்பர் 24

மருமகளே,

போய்விட்டது. வீடு போய்விட்டது. எப்படி என்பதை எழுதுகிறேன்.

காலையில் குல்பைரா சாய்வு நாற்காலியில் படுத்தபடி என்னை மையத்தின் பிரதிநிதியாக நியமித்துக் கையெழுத்துப் போட்டார். அதாவது, இந்த வருஷத்தின் மூன்றாவது புதிய ஊழியன் நான். வரவேற்க நான்கு பேர்தான் இருந்தோம். குல்பைரா, ஸெய்னெப், அவள் மகள், நான். ஸெய்னெப் ஆணியிலிருந்து அங்கியை எடுத்து என் தோளில் போட்டாள். "உரை சொல்லுங்க அண்ணே" என்றாள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உன்னிடம் அல்லவா இருக்கிறது.

நீதிமன்றத்தில் ஊரே இருந்தது. சமுதீனின் வம்சம் முன்வரிசையில். நான் எழுந்து சொன்னேன். சொன்னபடியே எழுதுகிறேன்:

"செங்கல் என் லாரியில வந்துச்சு. ஓடைப் பாலம் ஒடஞ்சு கெடந்தது. அதனால இந்தக் கரையிலயே எறக்கினேன். ஸெய்னெப் நெறமாசம். அவளும் தாலாயும் தண்ணியில எறங்கி ஒவ்வொரு செங்கல்லா அந்தக் கரைக்குக் கொண்டு போனாங்க. தண்ணியில பனிக்கட்டி மெதந்துச்சு. வேணாம்மான்னு சொன்னேன். 'எங்க வீடுண்ணே'ன்னா. அன்னைக்கே வலி எடுத்துச்சு. ஆஸ்பத்திரி போற வழியில பையன் என் லாரியிலதான் பொறந்தான்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "எருமை எங்கண்ணே? எருமைய விட்டுட்டீங்களே!"

சிரித்தார்கள். நீதிபதி கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். சிரிப்பு ஓய்ந்ததும், "இது நெஜம்" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சொல்லோடுதானே நான் எல்லாக் கதையையும் முடிப்பது வழக்கம்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஐயா, செப்டம்பர் மாசம் எர்மெக்னு ஒருத்தரை ஊர் முன்னால நிறுத்தி, நாலாயிரம் வழக்கு ஜெயிச்சவர்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அது உண்மையா?"

"இல்ல."

"குன்துஸ் பத்திச் சொன்னது?"

"அதுவும் இல்ல. அது வரவேற்பு. வர்றவங்களுக்குத் தைரியம் வரணும்னு சொல்றது."

"அப்ப இதுவும் இந்தம்மாவுக்குத் தைரியம் வரணும்னு சொல்றதுதானோ?"

அவ்வளவுதான் கேட்டார். உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்தில்தா அண்ணே, சின்ன வயசுலேருந்து உங்க கதையைக் கேட்டு வளந்தவன் நான். கோவிச்சுக்காதீங்க. இத வெச்சு நான் ஒரு வீட்டைத் தூக்கிக் குடுக்க முடியாது."

வெளியே வந்ததும் ஸெய்னெப் என் அங்கியின் கழுத்தைச் சரி செய்தாள். அழவில்லை. "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. ஒரு செங்கல் கூடக் கூட்டிச் சொல்லல" என்றாள்.

அப்தில்தா

*

பிஷ்கெக்,
டிசம்பர் 1

மாமா,

மூன்றாம் நாள் கணவாய் திறந்தது. அதற்குள் நீதிமன்றக் குமாஸ்தாவிடம் போனில் தீர்ப்பைக் கேட்டிருந்தேன். வேன் உங்கள் பக்கம் போனது, நான் எதிர்ப்பக்க வேனில் ஏறித் திரும்பிவிட்டேன். உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

உங்கள் வாயைக் கட்டியது நான். பழையபடியே அளந்திருந்தால் அந்த நீதிபதி எதையாவது கழித்துக்கொண்டு மீதியை நம்பியிருப்பாரோ என்று தோன்றுகிறது. தெரியவில்லை. எதை நினைத்தாலும் ஸெய்னெப் அந்தத் தண்ணீரில் நிற்பதுதான் தெரிகிறது.

ஆனால் முடிந்துவிடவில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவமனையின் பதிவை எடுக்கலாம். குழந்தை லாரியில் பிறந்தது என்று அங்கே எழுதியிருப்பார்கள். உங்கள் பேச்சை நம்பாதவர்கள் அதை நம்பித்தான் ஆக வேண்டும். எனக்கு வேண்டியது ஸெய்னெப்பின் கையெழுத்து மட்டும். அவளை எங்கும் போக விடாதீர்கள். எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

சிமெண்ட் கம்பெனியில் சொல்லிவிட்டேன். பத்தாம் தேதி வருகிறேன். ஒரு வழக்குக்கு அல்ல, மையத்துக்கே. குல்பைரா அக்காவிடம் சொல்லுங்கள், புதிய ஊழியர் ஒருவர் வருகிறார் என்று.

உங்களிடமிருந்து வாங்கியதைத் திருப்பித் தருகிறேன். போர்சோக் பொரியுங்கள். ஊரைக் கூட்டுங்கள். நான் ஆறாயிரம் வழக்கு ஜெயித்தவள் என்று சொல்லுங்கள். அங்கியையும் போடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பெர்மெத்

*

கரா-ஜார்,
டிசம்பர் 5

பெர்மெத்,

உன் கடிதம் நேற்று வந்தது. ஸெய்னெப் அதற்கு முந்தின நாள் போய்விட்டாள்.

சமுதீன் ஒரு காகிதத்தோடு வந்தான். மேல்முறையீடு செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் பள்ளி விடுமுறையில் பையனை வந்து பார்க்கலாம் என்றான். பையன் அவர்கள் வீட்டு வாரிசாம், அவனைத் தரமாட்டார்களாம். போடாவிட்டால் எப்போதுமே பார்க்க முடியாது என்றான். அது சட்டப்படி செல்லாது என்று நான் சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு ரஷ்யாவிலுள்ள கஸான் நகரத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு சமையல் கூடத்தில் வேலை. வேன் நிலையத்துக்கு நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். பையன் வாசலில் நின்று பார்த்தான். அவனைப் பாட்டி உள்ளே கூப்பிட்டாள், போய்விட்டான்.

அவளிடம் குளிருக்கு ஒன்றும் இல்லை. மேல்கோட்டு மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டது. அங்கியை எடுத்துவந்து அவள் தோளில் போட்டேன். "இது புதுசா வர்றவங்களுக்குப் போடுறதாச்சே அண்ணே" என்றாள். "அங்க நீ புதுசுதானே" என்றேன். வேன் கிளம்பியது.

நீ திருப்பி அனுப்பியது வந்து சேர்ந்தது. காலையில் அடுப்பை மூட்டிவிட்டு, உனக்காக ஓர் உரை தயார் செய்ய உட்கார்ந்தேன். பெர்மெத் என்று சொன்னேன். என் மருமகள் என்று சொன்னேன். அதற்கு மேல் போகவில்லை. அதை நீயே வைத்துக்கொள்.

பத்தாம் தேதி வேன் நிலையத்தில் நிற்பேன். குல்பைராவால் மாவு பிசைய முடியாது. ஊரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

குளிருக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு வா. உன் தோளில் போட இங்கே ஒன்றும் இல்லை.

அப்தில்தா